கையொப்பத்துக்கு ஒரு புள்ளி

நான் வீட்டுவேலை கொடுப்பதில்லை. என் முதலாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒருவருக்கும் கொடுப்பதில்லை. "டீச்சர், வீட்டுக்கு வந்தா சும்மா வெளையாடிக்கிட்டே இருக்கு, ஏதாவது எழுதக் குடுங்களேன்" என்று வாசலில் மறித்துக் கேட்கும் பெற்றோரிடம், "வெளையாடட்டும், விடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க நடக்கிறேன். சிலர் அதிபரிடம் முறையிட்டார்கள். ஒருவர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதப் போவதாகச் சொன்னார். எழுதட்டும். பதில் எழுத எனக்கும் கை இருக்கிறது.

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். மூன்று வருடங்களுக்கு முன்புவரை இந்தப் பள்ளிக்கூடத்தில் அதிகமாக வீட்டுவேலை கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு நான்காம் வகுப்பு. தினமும் பத்துக் கணக்கு, ஒரு பக்கம் உறுப்பெழுத்து, வெள்ளிக்கிழமைகளில் சுற்றாடல் பாடத்துக்கு ஒரு ஒப்படை. புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வரும் காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், கொப்பிகளை மடியில் அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டே வருவேன். வளைவுகளில் சிவப்புப் பேனை பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போகும். கம்பளை வருவதற்குள் இருபது கொப்பி முடிந்துவிடும். "நம்ம புள்ளைக்கும் இப்படி ஒரு டீச்சர் கெடைச்சா நல்லாருக்கும்" என்று கண்டக்டர் ஒருநாள் சொன்னதை நான் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுவேலைக்குப் புள்ளி உண்டு. மேலிடத்துச் சுற்றுநிருபம் எதையும் பார்த்துச் செய்ததல்ல இது. எங்கள் ஆரம்பப் பிரிவின் பகுதித் தலைவி தாமாகவே ஏற்படுத்திய முறை. செய்த வேலைக்கு ஒரு புள்ளி (ஒப்படைக்குப் பத்து), அதன் கீழே பெற்றோர் போடும் கையொப்பத்துக்கு ஒரு புள்ளி. தவணை முடிவில் கூட்டி, நூறுக்கு மாற்றி, தமிழ், கணிதம், சுற்றாடல் என்ற வரிசையில் "வீட்டுவேலை" என்று ஒரு பாடமாகவே தேர்ச்சி அறிக்கையில் போடுவோம். கையொப்பம் இருந்தால் அந்த வீட்டில் பிள்ளை மேல் அக்கறை இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. அப்படித்தான் நாங்கள் நம்பினோம். 'நாங்கள்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன். அந்த ஆசிரியர் கூட்டத்தில் முதலில் கை தூக்கி ஆதரித்தவள் நான்.

அதன் பிறகு நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். ஒப்படை என்றால் பிள்ளை தானே பார்த்து, கேட்டு, வரைந்து, எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்கள் பிள்ளைகள் கொண்டுவந்ததெல்லாம் நகரத்துக் கொமியுனிகேஷன் கடைகளில் செய்தவை. போட்டோக்கொப்பி எடுக்கும் கடைகள்தான், தலைப்பைச் சொன்னால் போதும், "எத்தனை பக்கம் வேணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கலரில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டுத் தந்துவிடுவார்கள். 'நீரில் வாழும் விலங்குகள்' என்று நான் கொடுத்த தலைப்புக்கு என் வகுப்பில் மட்டும் நான்கு பிள்ளைகள் ஒரே திமிங்கிலத்தைக் கொண்டுவந்தார்கள். ஒருவனுடைய முகப்பில் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பெயரே இருந்தது. நான் என்ன செய்தேன்? அந்தப் பெயரை வெட்டிவிட்டு இவன் பெயரை எழுதச் சொல்லி, பத்துக்கு ஒன்பது போட்டேன். பார்க்க அழகாக இருந்ததே!

அந்த வகுப்பில் மஹய்யாவப் பக்கமிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஆள் மெலிவு, குரல் பெரிது. நான் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். "கையைத் தூக்கிட்டுப் பேசு" என்று நாளுக்கொரு முறையாவது ஏசுவேன். நீரில் வாழும் விலங்குகளுக்கு அவள் கொண்டுவந்தது பழைய கலண்டர் தாளின் பின்பக்கம். கண்டி வாவியில் பார்த்த மீன்களையும் ஆமையையும் பென்சிலால் வரைந்து, "ஆமை கல்லில் ஏறி இருந்தது. நான் எண்ணியபோது மூன்று இருந்தன. அம்மா எண்ணியபோது நான்கு" என்று எழுதியிருந்தாள். அதற்கு நான் "துப்புரவு போதாது" என்று எழுதி ஆறு போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையைப் பிடித்து முறிக்கலாம்போல இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு என்றால் புலமைப்பரிசில் பரீட்சை. எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததும் மூன்று பிரிவுப் பிள்ளைகளையும் வருடம் முழுவதும் எடுத்த புள்ளிகளின்படி வரிசைப்படுத்தி, முதல் முப்பத்தைந்து பேரை ஐந்து A-யில் போடுவார்கள். அந்த வகுப்புக்குத்தான் கெட்டிக்கார டீச்சர். அந்த வகுப்புக்குத்தான் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பாடம் நடக்கும். மற்ற இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் டியூஷனுக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் பெண் டியூஷனுக்குப் போகிறவள் இல்லை. அவளுக்கு இருந்த ஒரே வழி ஐந்து A. அதற்கு அவளிடம் போதுமான புள்ளி இருந்தது. வீட்டுவேலையில் மட்டும் தொண்ணூற்றொன்று.

மூன்றாம் தவணை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, ஒருநாள் காலை பஸ்ஸில் அவளுடைய கொப்பியைத் திருத்திக்கொண்டிருந்தேன். மற்றப் பெற்றோரின் கையொப்பங்கள் கோழி கிளறியதுபோல இருக்கும். அவளுடைய அம்மாவின் கையொப்பம் மட்டும் முழுப் பெயர். எழுத்துக்கெழுத்து இடைவெளி விட்டு, கோட்டின் மேல் உட்கார வைத்ததுபோல உருண்டையாக இருந்தது. அதே பக்கத்தில் பிள்ளை எழுதிய உறுப்பெழுத்தைப் பார்த்தேன். அதே உருண்டை, அதே சுழி, முடிவில் வாலை மேலே தூக்கும் அதே பழக்கம். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். தவணை முழுவதும் அப்படித்தான். அம்மாவின் கையொப்பம் என்று இந்தப் பெண் தானே போட்டு என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாள் என்று முடிவுகட்டினேன். பேராதனைப் பாலம் வரும்வரைகூட எனக்குப் பொறுமையில்லை. பஸ்ஸிலேயே அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையால் "கள்ளக் கையொப்பம்" என்று எழுதினேன்.

வகுப்பில் அவளை முன்னால் அழைத்துக் கொப்பியைத் தூக்கிக் காட்டினேன்.

"இது யாரு போட்ட கையெழுத்து?"

"அம்மா, டீச்சர்."

"பொய் சொன்னா இன்னும் மோசமாயிரும். யாரு போட்டது?"

"அம்மாதான் டீச்சர் போட்டாங்க."

மூன்றாம் முறையும் கேட்டேன். மூன்றாம் முறையும் அதே பதில், அதே பெரிய குரலில். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். நிமிர்ந்து நின்று என் முகத்தைப் பார்த்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி வாங்கில் போய் உட்காரச் சொன்னேன். அவள் நடந்து போகும்போது யாரோ ஒரு பிள்ளை "கள்ளி" என்றது. அதைக் கேட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றே புள்ளி பதியும் இடாப்பை எடுத்து, தொண்ணூற்றொன்றை வெட்டி, முட்டை போட்டு, பகுதித் தலைவியிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மா வந்தார். பாமசியில் மருந்து விற்கும் வேலை செய்கிறவர். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தார், கடைச் சீருடையோடு. வயது என்னைவிடப் பத்து குறைவாக இருக்கும். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் பேச்சைத் தயார் செய்தேன். அவர் ஏசவில்லை.

"டீச்சர், லீவு குடுக்கல, அதான் ஒடனே வர முடியல. ஒரு பேனை தாங்க."

கொடுத்தேன். என் மேசையிலிருந்த ஒரு தாளை இழுத்து, கதிரையில் உட்காராமல் நின்றபடியே குனிந்து, தன் பெயரைத் தமிழில் எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்தது. நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே வந்தது, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருவதுபோல. அதே உருண்டை, அதே சுழி, வாலில் அதே தூக்கல். அதன் கீழே, கண்ணிமைக்கும் நேரத்தில், சிங்களத்தில் ஒரு கையெழுத்தை வீசினார். வங்கி மனேஜர் போடுவதுபோல இருந்தது அது.

"நான் படிச்சது பூரா சிங்களத்துல டீச்சர். எங்கப்பா நகரசபையில வேல செஞ்சாரு. சிங்களத்துல படிச்சாத்தான் நல்ல வேல கெடைக்கும்னு பக்கத்துல இருந்த சிங்கள ஸ்கூல்ல சேத்துட்டாரு. தமிழ் நல்லா பேசுவேன். ஆனா ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. இவளாவது படிக்கட்டும்னுதான் இங்க போட்டேன்."

"அப்ப சிங்களத்துலயே போட்டிருக்கலாமே?" என்றேன். இன்னும் விட்டுக்கொடுக்க மனமில்லை எனக்கு.

"மொதல் பெத்தவங்க கூட்டத்துல சிங்களத்துலதான் டீச்சர் போட்டேன். நீங்கதான் எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. தமிழ்ப் புள்ளையோட அம்மா, தமிழ்ல ஒரு கையெழுத்து போட ஏலாதான்னு."

கேட்டிருக்கிறேன். நன்றாக ஞாபகம் வந்தது. வருகைத் தாளில் நான்கைந்து பேர் சிங்களத்தில் கையெழுத்து வைத்திருந்ததைப் பார்த்து எனக்குத் தமிழ்ப் பற்று பொங்கிவிட்டது. சிரித்துக்கொண்டுதான் கேட்டேன், ஆனால் கேட்டேன். சபையும் சிரித்தது. கண்டியில் தமிழ்க் குடும்பங்களில் சிங்களத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரிந்துதான் கேட்டேன்.

"அன்னைக்கே இவகிட்ட சொன்னேன், எனக்கு எழுதச் சொல்லிக்குடுன்னு" என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து என்முன் வைத்தார். மகளின் பழைய கொப்பி. மிஞ்சிய பக்கங்களில் அம்மா எழுதியிருந்தார். முதல் சில பக்கங்களில் பெயர் மட்டும், வரிக்கு வரி. பிறகு பிள்ளையின் பெயர். பிறகு மாத்தளை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என்று பஸ் பலகைகளில் பார்க்கும் ஊர்கள். பிறகு மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்புக் கலர் பென்சிலால் புள்ளி. ஏழு, எட்டு, ஏழு, எட்டு.

"எனக்கும் தெனம் வீட்டுவேல குடுக்குறா டீச்சர். எட்டுக்கு மேல போடவே மாட்டா. இப்ப பஸ் போர்டெல்லாம் வாசிப்பேன். இவ தமிழ்ப் புத்தகத்துல நாலு பக்கம் வாசிச்சு முடிச்சிட்டேன்."

அதுவரை அவருடைய குரல் சரியாகத்தான் இருந்தது. பிறகு என் சிவப்பு எழுத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"இதையும் அவதான் எனக்கு வாசிச்சுக் காட்டுனா."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். அதுவும் அந்த அம்மாவின் மேல்தான் வந்தது. என்னைப் பிழைக்காரியாக்கி என் மேசைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாரே என்று. நான் எழுதிய இரண்டு சொற்களை ஒன்பது வயதுப் பிள்ளை தன் தாய்க்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறாள். "நன்று" என்று எழுதியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் யார் கண்டது? சொல்லவில்லை அவள். இது உறைத்த பிறகுதான் வெட்கம் வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவளை முன்னால் அழைத்தேன். எல்லார் முன்னிலையிலும் பழி சொன்னேன், அதனால் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். "கையெழுத்து அம்மா போட்டதுதான். பிழை டீச்சருடையது. இனிமே யாராவது இவள கள்ளின்னு சொன்னா எங்கிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க" என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவள் "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மன்னிப்பு லேசாக முடிந்துவிட்டது. முட்டைதான் லேசில் போகவில்லை. இடைவேளைக்கு முன்பே செய்தி பகுதித் தலைவிக்கு எட்டியிருந்தது. இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவர், கண்டிப்பானவர். நான் புதிதாக வந்தபோது எனக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியவரும் அவர்தான்.

"புள்ளைங்க முன்னால மன்னிப்புக் கேட்டீங்களாமே? நல்லாருக்கு. டீச்சர்னா ஒரு மரியாத வேணாமா?"

"அத விடுங்க மிஸ். தொண்ணூத்தொண்ண திரும்பப் போடணும்."

"பட்டியல் தயாராயிட்டு. பதிஞ்சத மாத்த ஏலாது. இவளுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து வாசல்ல நிப்பாங்க. அந்த அம்மா சிங்களத்துலயே கையெழுத்து போட்டிருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. தமிழ்ல போடச் சொன்னது யாரு?"

"நான்தான்" என்றேன்.

பட்டியலைக் காட்டினார். முட்டையோடு அவள் ஐம்பத்தெட்டாவது. ஐந்து B. அவளுடைய பெயருக்கு மேலே இருந்த பெயர்களை வாசித்துக்கொண்டே போனேன். என் நான்கு திமிங்கிலங்களும் முதல் முப்பத்தைந்துக்குள் நீந்திக்கொண்டிருந்தன. அங்கேதான் எனக்கு மண்டைக்குள் ஏதோ சூடேறியது. வாவியில் ஆமை எண்ணியவளுக்கு ஆறு, கடையில் வாங்கியவனுக்கு ஒன்பது. தாய்க்குச் சொந்தமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு முட்டை. இதை எழுதியது வேறு யாருமல்ல, என் கை.

ஒன்றை மாற்ற ஏலாதாம். சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தேன். அடிமட்டத்தை எடுத்து, என் இடாப்பில் "வீட்டுவேலை" என்ற பத்தியின் மேலிருந்து கீழ்வரை, முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் ஒரே கோடாக இழுத்தேன். அதன் பக்கத்தில் "இந்தப் புள்ளிகள் பிள்ளைகளுடையவை அல்ல" என்று எழுதினேன். பகுதித் தலைவி தட்டச்சு செய்து வைத்திருந்த பட்டியலின் அடியில் மூன்று வகுப்பாசிரியர்களும் கையொப்பமிட வேண்டும். மற்ற இரண்டு பேரும் இட்டுவிட்டார்கள். நான் இடவில்லை. மூன்று பிரிவுக்கும் வீட்டுவேலைப் புள்ளியை நீக்கிவிட்டு, சோதனைப் புள்ளியை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆசிரியர் அறையில் என்னோடு பேச்சுக் குறைந்தது. அடுத்த நாளே இரண்டு அம்மாக்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பெற்றோர் சங்கச் செயலாளரின் மனைவி. ஒன்பது புள்ளித் திமிங்கிலம் அவருடைய வீட்டுடையதுதான்.

"டீச்சர், இது நியாயமா? வருஷம் பூரா மாஞ்சு மாஞ்சு நாங்க செஞ்ச வீட்டுவேலைக்கு ஒரு புள்ளியும் இல்லையா?"

"யாரு செஞ்சது?"

"நாங்கதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பக்கத்திலிருந்த மற்ற அம்மா அவருடைய சேலையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க செஞ்சதுக்கு வேணும்னா உங்களுக்கு ஒரு தேர்ச்சி அறிக்கை எழுதித் தர்றேன்" என்றேன். அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அதைச் சொன்னபோது இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அது நேரே அதிபரிடம் போனது. அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாத மனிதர். கூப்பிட்டு உட்கார வைத்தார். பகுதித் தலைவியும் பக்கத்தில் இருந்தார்.

"டீச்சர், நீங்கள் கையெழுத்து வைக்காட்டில் இந்தப் பட்டியல் செல்லாது. தெரியும்தானே?"

"தெரியும் சேர். அதனாலதான் வைக்கல."

"ஒரு பிள்ளைக்காக முழுப் பாடசாலையையும் குழப்புறியளோ?"

"ஆமா சேர். குழப்புறேன்."

கையோடு கொண்டுபோயிருந்த மூன்று ஒப்படைகளை அவருடைய மேசையில் வரிசையாக வைத்தேன். ஒன்று என் வகுப்பு, மற்ற இரண்டையும் மற்றப் பிரிவுகளின் அலுமாரிகளிலிருந்து எடுத்திருந்தேன். கேட்டு எடுக்கவில்லை, கேட்டால் தந்திருக்க மாட்டார்கள். மூன்றிலும் அதே திமிங்கிலம். அதிபர் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கங்களில் அவருடைய விரல் நின்றது. மூன்றின் அடியிலும் கடையின் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது.

"இதுக்கு எவ்வளவு போட்டனீங்கள்?"

"நான் ஒம்பது. மத்த ரெண்டு பேரும் பத்து."

நாலாவதாகக் கலண்டர் தாளை வைத்தேன். அதை அவர் நின்று நிதானமாக வாசித்தார். ஆமை மூன்றா நான்கா என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு "துப்புரவு போதாது" என்ற என் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. பிழையைச் செய்தது நான் என்று சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

"ஓம், விளங்குது" என்றார். "இந்த வருசம் சோதனைப் புள்ளியை மட்டும் பாருங்கோ. வீட்டுவேலையைப் பற்றிப் பிறகு யோசிப்பம்."

"சேர், இது எத்தனை வருஷத்து முறை..." என்று பகுதித் தலைவி எழுந்தார்.

"பொறுங்கோ டீச்சர். கடைக்காரன் எழுதினதுக்குப் பிள்ளைக்குப் புள்ளி போட ஏலாது."

புதுப் பட்டியல் வந்தது. ஆறு பிள்ளைகள் ஐந்து A-யிலிருந்து இறங்கினார்கள், ஆறு பிள்ளைகள் ஏறினார்கள். அவள் பதினான்காவது. செயலாளரின் மகன் இருந்த இடத்திலேயே இருந்தான்; கெட்டிக்காரப் பையன், அவனுக்கு அந்தத் திமிங்கிலமே தேவைப்பட்டிருக்காது. இறங்கிய ஆறு பேரின் வீடுகளில் என்னை என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். திட்டட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் நான் துரோகம்தான் செய்திருந்தேன். இல்லாத புள்ளியைக் கொடுத்து நம்ப வைத்ததும் நான்தானே. அவர்களிடமும் பிழை என்னுடையது என்றுதான் சொன்னேன். ஒரு பிள்ளை அழுதது.

பட்டியலில் கையொப்பமிட்டேன். எனக்கு அடுத்த வருடத்துக்கு முதலாம் வகுப்பைத் தந்தார்கள். "சின்னப் புள்ளைங்களோட இருங்க, உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்றார் பகுதித் தலைவி. தண்டனை என்று நினைத்துத் தந்தார், வாங்கிக்கொண்டேன். அதிபர் பிறகு யோசிப்பதாகச் சொன்னது யோசனையாகவே நின்றுவிட்டது. மற்ற வகுப்புகளில் வீட்டுவேலை திரும்பவும் ஒரு பாடமாகிவிட்டது, கொமியுனிகேஷன் கடைகளில் வியாபாரமும் குறையவில்லை. என் வகுப்பின் தேர்ச்சி அறிக்கையில் அந்த இடத்தில் மூன்று வருடமாக ஒரு கோடுதான் இருக்கிறது. ஒவ்வொரு தவணையும் கேட்பார்கள், ஒவ்வொரு தவணையும் கோடுதான் போடுவேன்.

வென்றுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்த வருடம் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாள்வரை.

பெற்றோர் ஒவ்வொருவராக என் மேசைக்கு வந்து, அறிக்கையை வாங்கிக்கொண்டு இடாப்பில் கையொப்பமிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளும் அம்மாவும் வந்தார்கள். ஐந்து A என்று எழுதியிருந்த இடத்தைப் பிள்ளை விரலை வைத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. "நல்லா படிச்சிருக்கா" என்றேன். "இப்ப நீங்க எத்தனை பக்கம் வாசிச்சிருக்கீங்க?"

அம்மா அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிள்ளைதான் சொன்னாள்.

"அம்மா இப்ப வீட்டுவேல செய்றதில்ல டீச்சர். நான் குடுத்தாலும் வேணாம்ங்கிறாங்க. அந்த நாலு பக்கத்தோட நிப்பாட்டிட்டாங்க."

அம்மா அவளை அடக்குவதுபோலத் தோளில் கை வைத்துவிட்டு, இடாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை எடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில், சிங்களத்தில் போட்டார்.

"தமிழ்லயே போடுங்களேன்" என்றேன். குரல் கெஞ்சுவதுபோல வந்தது. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. "நீங்க நல்லா எழுதுறீங்க. நான் சொல்றேன், நல்லா எழுதுறீங்க."

"வேணாம் டீச்சர்" என்றார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "இது என் கையெழுத்து. இத யாரும் கள்ளம்னு சொல்ல மாட்டாங்க."

பேனையை மூடி என் பக்கமாக வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.